‘ஊசி போட்டுடுங்க டாக்டர்’: நோயில்லாத செல்லப்பிராணியைக் கொல்லச் சொல்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையின் பெரம்பூர், வியாசர்பாடி, கொளத்தூர், ராயபுரம், திருவொற்றியூர் வட்டாரத்தில் நாய், பூனை பார்க்கும் எந்தக் கால்நடை மருத்துவரும் இந்த வேண்டுகோளைக் கேட்டிருப்பார். நாய் வாலை ஆட்டிக்கொண்டு மேசை மேல் நிற்கும். கொண்டுவந்தவர் அதன் கண்ணைப் பார்க்காமல், “வேற வழியில்ல, ஊசி போட்டுடுங்க” என்பார். அப்படிக் கேட்கும் நிலைக்கு வந்தவர்களுக்கும், அதைக் கேட்க நேரும் மருத்துவர்களுக்கும், இரண்டு பேருக்கும் நடுவில் நிற்கும் தன்னார்வலர்களுக்கும் இந்தப் பக்கம்.

‘ஆரோக்கியமான பிராணி’ என்று யார் சொல்வது?

பரிசோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவர்தான். வீட்டுக்காரர் “இதுக்கு வயசாயிடுச்சு” என்று சொல்வதும், “பார்வை போயிடுச்சு” என்று சொல்வதும் போதாது. 12 வயது நாய்க்கு இரு கண்ணும் தெரியாமல் இருக்கலாம். அது வீட்டுக்குள் மோப்பத்திலேயே தட்டுக்கும் பாய்க்கும் போய்வரும். மூன்று காலில் நடக்கும் பூனையும் அப்படித்தான். காதில் சீழ், தோலில் உண்ணிப் புண், பல்லில் சொத்தை எல்லாம் தீர்க்கக்கூடிய நோய்கள். அவற்றைக் காரணமாகச் சொன்னாலும் இந்தப் பக்கத்தில் அது ஆரோக்கியமான பிராணி என்ற கணக்கில்தான் வரும்.

சந்தேகம் இருந்தால் ஏழு விஷயங்களை 10-க்கு மதிப்பெண் போட்டுப் பார்க்கும் ஒரு முறை உண்டு. கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் வகுத்தது. வலி (மூச்சுத் திணறலும் இதில் சேர்த்தி), சாப்பாடு, தண்ணீர், சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்பது ஆகியவையே அந்த ஏழும். கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருந்தால் அந்த உயிருக்கு வாழ்க்கை இன்னும் சகிக்கத்தக்கதாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே நாளில் முடிவு கட்டாமல், ஒரு வாரம் தினமும் போட்டுப் பாருங்கள்.

சட்டம் இதைத் தடுக்கிறதா?

நேரடியாகத் தடுக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் கொடூரமான முறையில் கொல்வதைக் குற்றமாக்குகிறது. இதயத்தில் ஸ்ட்ரிக்னின் என்ற விஷத்தை ஊசியாகப் போடுவதைப் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மீட்க முடியாத வேதனையில் இருக்கும் விலங்கை முடித்துவைக்க நீதிமன்றம் உத்தரவிடவும் அதில் இடம் இருக்கிறது. ஆனால் நோயில்லாத தன் நாயைச் சொந்தக்காரர் கொண்டுவந்து, மருத்துவர் வலியில்லாமல் கொன்றால் அது சரியா தவறா என்று அந்தச் சட்டம் வாய் திறப்பதில்லை.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது, அது எங்களை உறுத்துகிறது. 2023-ஆம் ஆண்டின் விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகள்படி தெருநாயைக் கருணைக்கொலை செய்ய வேண்டுமென்றால் அது தீராத நோயிலோ உயிர் பிழைக்காத காயத்திலோ இருக்க வேண்டும். அதையும் ஒரு குழு பார்த்துச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் எழுத வேண்டும். தெருவில் திரியும் நாய்க்கு எழுத்தில் இருக்கும் இந்தக் காவல், பத்து வருடம் ஒருவர் கட்டிலடியில் படுத்த நாய்க்கு இல்லை. அதற்கு இருக்கும் ஒரே காவல் மருத்துவரின் மனசாட்சிதான்.

அப்படியென்றால் மருத்துவர் மறுக்கலாமா? காசு கொடுக்கிறோமே?

மறுக்கலாம். வேதனையில் இருக்கும் விலங்குக்கு முதலுதவி தருவது அவர் கடமை. நோயில்லாத விலங்கைக் கொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை.

அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் பெர்னார்ட் ரோலின் கால்நடை மருத்துவர்களைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: நீங்கள் குழந்தை மருத்துவரைப் போன்றவரா, மோட்டார் மெக்கானிக்கைப் போன்றவரா? வண்டியை உடைத்து இரும்புக்குப் போடச் சொன்னால் மெக்கானிக் போட்டுவிடுவார், ஏனென்றால் அவருடைய கடமை வண்டிக்காரருக்கு மட்டுமே. குழந்தை மருத்துவருக்குப் பணம் தருவது பெற்றோர், கடமை குழந்தைக்கு. எங்கள் நிலைப்பாடு குழந்தை மருத்துவர் பக்கம்தான்.

ஆனால் “என்னால முடியாது, கிளம்புங்க” என்று கதவைச் சாத்துவது மறுப்பு ஆகாது. அந்த நாய் அன்றிரவே ரெட்டேரிக் கரையிலோ எண்ணூர் நெடுஞ்சாலையிலோ இறக்கிவிடப்படலாம், சோற்றில் பூச்சிமருந்து கலந்து வைக்கப்படலாம். மறுக்கும் மருத்துவர் மூன்று காரியம் செய்தாக வேண்டும் என்பது எங்கள் கருத்து. ஏன் இந்த முடிவு என்று உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அந்தக் காரணத்துக்கு ஒரு மாற்று வழியை எழுதிக் கையில் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் போன் செய்து விசாரிக்க வேண்டும். முடிந்தால் இரண்டு மூன்று நாள் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். கோபத்திலும் களைப்பிலும் எடுத்த முடிவு அந்த மூன்று நாளில் பல நேரம் தளர்ந்துவிடும்.

வலியே தெரியாமல் தூக்கத்தில் போய்விடும் என்றால் அதில் என்ன தவறு? நாய்க்குச் சாவு என்றால் என்னவென்றே தெரியாதே?

இந்தப் பக்கத்திலேயே கனமான கேள்வி இதுதான். அதை லேசாகத் தள்ளிவிட எங்களுக்கு மனமில்லை.

நாய்க்கு நாளை என்ற திட்டம் இல்லை, ஆகவே நாளையை இழப்பதால் அதற்கு நஷ்டம் இல்லை என்பது வாதம். ஆனால் நஷ்டம் ஏற்பட, நஷ்டப்படுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. கைக்குழந்தையின் பேரில் இருக்கும் சொத்தை ஒருவர் அபகரித்தால், குழந்தைக்குச் சொத்து என்றால் என்னவென்றே தெரியாது என்பதால் அது திருட்டு இல்லை என்று ஆகிவிடாது. ஐந்து வயது நாட்டு நாய்க்கு முன்னால் இன்னும் ஏழெட்டு வருடச் சாப்பாடு, நடை, வெயில் காய்தல், வாசலில் காத்திருத்தல் எல்லாம் இருக்கின்றன. அவை அதற்கு நன்மைகள். வலியில்லாத ஊசி வலியைத்தான் விலக்குகிறது. இந்த நன்மைகளைப் பறிப்பதை விலக்கவில்லை.

கருணைக்கொலையில் ‘கருணை’ என்ற சொல் எதற்கு இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் பிழைக்க வழியில்லாமல் துடித்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டு வேதனையை முடிக்கக் காந்தி சம்மதித்தார். நாடெங்கும் கண்டனக் கடிதங்கள் வந்தன. அவர் தன் முடிவில் நின்றார். அந்தச் சாவு கன்றுக்குட்டிக்காக நடந்தது. வீடு மாறுவதற்காகப் போடப்படும் ஊசி யாருக்காக? அதைக் கருணைக்கொலை என்று அழைத்தால், உண்மையிலேயே வேதனையில் இருக்கும் விலங்குக்காக அழுதுகொண்டே கையெழுத்துப் போடுகிறவரின் கருணையும் மலிவாகிவிடுகிறது.

எதிர்த் தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. கொல்லாமல் விட்டால் அந்த நாய்க்குக் கிடைக்கப்போவது நல்ல வாழ்க்கையா? மொட்டை மாடித் தூணில் ஒரு முழச் சங்கிலியில் பத்து வருடமா? அப்படிப்பட்ட வாழ்க்கையைவிட வலியில்லாத சாவு மேல் என்று சில மருத்துவர்கள் நேர்மையாகவே நினைக்கிறார்கள். அவர்களை நாங்கள் கொடூரர்கள் என்று சொல்ல மாட்டோம். எங்கள் பதில்: அந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்கு முன், மூன்றாவது வழி இல்லை என்று தேடிப் பார்த்திருக்க வேண்டும். பெரும்பாலும் தேடியிருப்பதில்லை.

புளியந்தோப்பு இறைச்சிக்கூடத்தில் தினமும் ஆடு வெட்டுகிறார்கள். நாயைக் கொன்றால் மட்டும் பாவமா?

ஆட்டுக்கு நியாயம் நடக்கிறது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆட்டுக்குச் செய்வது சரியா என்ற கேள்வி தனியாக நிற்கிறது. அதற்குப் பதில் இல்லாததால் நாய்க்குச் செய்வது சரியாகிவிடாது. நாயிடம் கூடுதலாக ஒன்று இருக்கிறது. குட்டியிலேயே வீட்டுக்குக் கொண்டுவந்து, பெயர் வைத்து, வேறு யாரையும் நம்பாதபடி பழக்கியது நாம். தனியாகப் பிழைக்கும் திறனை அதனிடமிருந்து எடுத்துவிட்டோம். அதற்குப் பதிலாகக் கொடுத்த வாக்குதான் ‘வளர்ப்பு’.

வெளிநாட்டில் எப்படி?

ஒரே மாதிரி இல்லை. ஜெர்மனியின் விலங்கு பாதுகாப்புச் சட்டம் நியாயமான காரணம் இல்லாமல் முதுகெலும்புள்ள விலங்கைக் கொல்வதைக் குற்றமாக்குகிறது. இத்தாலியின் 1991-ஆம் ஆண்டுச் சட்டம் காப்பகத்துக்கு வந்த நாயைக்கூட, கடுமையான தீராத நோயோ நிரூபிக்கப்பட்ட ஆபத்தோ இருந்தால் மட்டுமே கொல்ல அனுமதிக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சொந்தக்காரர் கேட்டால் மருத்துவர் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம்.

வீடு மாறுகிறோம். புது வீட்டுக்காரர் நாய் கூடாது என்கிறார். ஒரு வாரம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

அதிகமாக வரும் காரணம் இது. வாடகை வீடு மாறுதல், கூட்டுக்குடும்பம் பிரிதல், வாரியக் குடியிருப்பை இடித்துக் கட்டும்வரை வெளியே தங்குதல் என்று பல வடிவத்தில் வரும்.

முதலில் ஒன்று. அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் பெரும்பான்மைத் தீர்மானம் போட்டுக்கூட நாய் வளர்ப்பதைத் தடை செய்ய முடியாது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் சுற்றறிக்கையாகவே அனுப்பியிருக்கிறது. சங்கம்தான் பிரச்சினை என்றால் அதை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். தனி வீட்டுக்காரரின் வாடகை ஒப்பந்தம் வேறு, அங்கே பேச்சுவார்த்தைதான். மாநகராட்சி செல்லப்பிராணி உரிமம், இந்த வருடத் தடுப்பூசிச் சீட்டு, பழைய வீட்டுக்காரரின் ஒரு வரிச் சான்று, கூடுதலாகக் கொஞ்சம் அட்வான்ஸ் என்று நான்கையும் முன்வைத்துக் கேட்டால் இறங்கிவருபவர்கள் உண்டு.

அது நடக்கவில்லை என்றால் வேறு வீடு தேட வேண்டும். ஒரு வாரம் போதாது, நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அதனால் முதல் வேலை, தற்காலிகமாகத் தங்க இடம் பிடிப்பது: சொந்தக்காரர் வீடு, ஊர், காசு கொடுத்து விடும் போர்டிங். நாய்க்கு நிரந்தர வீடு தேடும் ஆறு வாரத்துக்கு மட்டும் என்று காலக்கெடு சொல்லிக் கேளுங்கள். ‘கொஞ்ச நாள்’ என்றால் யாரும் தயங்குவார்கள்.

பிறகு கருத்தடை. பெண் நாயைக் கருத்தடை செய்யாமல் ‘இலவசமாகத் தரப்படும்’ என்று போட்டால் வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடவைக்கும் ஆட்கள்தான் முதலில் வருவார்கள். லேப், பக், ஷிட்ஸு என்றால் கேட்கவே வேண்டாம். அறுவைக்குப் பின் 10 முதல் 14 நாள் தையல் ஆற வேண்டும். அதோடு வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து.

விளம்பரத்தில் உண்மையை எழுதுங்கள். “குழந்தையோடு பழகும்” என்று பொய் எழுதிக் கொடுத்த நாய் மூன்றாம் நாள் கடித்துத் திரும்பி வரும், அதற்கப்புறம் அதற்கு வீடே கிடைக்காது. ‘பூனையைத் துரத்தும், இடிச் சத்தத்துக்குப் பயப்படும், தயிர்சாதம் பிடிக்கும், தனியாக நான்கு மணி நேரம் இருக்கும்’ என்று எழுதுவதுதான் சரியான வீட்டைக் கொண்டுவரும். எடுத்துக்கொள்பவரின் வீட்டுக்கு நேரில் போய், மாடிச் சுவர் உயரம், கேட்டின் இடைவெளி, வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்பதைப் பாருங்கள். உரிமத்திலும் மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லு) பதிவிலும் பெயரை மாற்றிக் கொடுங்கள்.

புது வீட்டில் முதல் மூன்று நாள் நாய் சரியாகச் சாப்பிடாது. மூன்று வாரத்தில் பழக்கவழக்கம் பிடிபடும். தன் வீடு என்று உணர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். இதை முன்கூட்டியே சொல்லாததால்தான் “சாப்பிடவே மாட்டேங்குது, திரும்பக் கூட்டிட்டுப் போங்க” என்று நான்காம் நாளே போன் வருகிறது.

தெருவில் விட்டால் தெருநாய்களோடு பிழைத்துக்கொள்ளாதா? கொல்வதைவிட அது மேல் இல்லையா?

இல்லை. தெருநாய்க் கூட்டத்துக்கு எல்லை உண்டு. புதிதாக இறக்கிவிடப்பட்ட நாயை அவை முதல் இரவிலேயே சூழ்ந்து கடிக்கும். வண்டி என்றால் என்னவென்று தெரியாத நாய் மணலி சாலையில் கண்டெய்னர் லாரிக்கு நடுவே ஓடும். பக் போன்ற சப்பை மூக்கு நாய் மே மாத வெயிலில் மூச்சு முட்டியே சாகும். பட்டினி, தாகம் ஏற்படும் நிலையில் விலங்கைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறை அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய். அபராதம் சின்னதென்றாலும் அந்த நாய்க்கு நேர்வது சின்னதாக இல்லை.

காப்பகத்தில் விட்டுவிடலாமே?

கடைசி வழியாக மட்டும். காப்பகங்களில் விபத்தில் அடிபட்டவையும் நோய்வாய்ப்பட்டவையும் நெருக்கமாக இருக்கும். பார்வோ கிருமி தரையிலும் கூண்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி போடாத வீட்டு நாயை அங்கே கொண்டுபோய் விட்டால் சில நாட்களில் ரத்தபேதியில் விழலாம். கொண்டுவிடும் கட்டாயம் வந்தால், குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள். முன்கூட்டியே பேசி இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் வாசலில் கட்டிவிட்டு ஓடாதீர்கள். வயதான நாய் கூண்டுக்குள் சாப்பாட்டை நிறுத்திவிடுவது சகஜம். அதைக் காப்பகத்துக்கு அனுப்பாதீர்கள், வீட்டுக்கு வீடு மாற்றுங்கள்.

மருமகள் கர்ப்பமாக இருக்கிறார், பூனை இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்கிறார்கள்.

பயத்துக்குக் காரணம் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி. தொற்று ஏற்பட்ட பூனை வழக்கமாக வாழ்நாளில் ஒரு முறை, ஒன்றிரண்டு வாரம்தான் அதை மலத்தில் வெளியேற்றும். வெளியேறியதும் அது உடனே தொற்றாது. பக்குவமாக ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆகவே மலப்பெட்டியைத் தினமும், கர்ப்பிணி அல்லாத வேறொருவர் சுத்தம் செய்தால் பெரும் ஆபத்து விலகிவிடும். சரியாக வேகாத இறைச்சியும், கழுவாத கீரையும், கையுறை இல்லாமல் தோட்ட மண்ணைக் கிளறுவதும் பூனையை மடியில் வைப்பதைவிட அதிக அபாயம். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

ஒவ்வாமை என்றால் முதலில் பரிசோதனை. பல வீடுகளில் காரணம் தூசிப்பூச்சியாகவே இருக்கும். பூனையைக் கொன்றாலும் அதன் ஒவ்வாமைப் பொருள் மெத்தையிலும் திரையிலும் பல மாதம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாய் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்துவிட்டது. இன்றைக்கே ஊசி போட்டுவிடலாமா?

வேண்டாம். இன்றைக்குக் கொல்வதுதான் அந்தப் பையனுக்கும் கெடுதல்.

முதல் 15 நிமிடம் பையனுக்கு. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஸ்டான்லி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உடனே கொண்டுபோங்கள். தோலுக்குள் போடும் முறையில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தடுப்பூசி. ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் தேவைப்படும். வீட்டு நாய்தானே, தடுப்பூசி போட்ட நாய்தானே என்று காத்திருக்காதீர்கள்.

நாயை 10 நாள் தனியாகக் கட்டி, சாப்பாடு தண்ணீர் கொடுத்து, தினமும் பாருங்கள். வெறிநோய்க் கிருமி எச்சிலில் வரத் தொடங்கிய நாய் அந்த 10 நாளுக்குள் நோய்க்குறி காட்டிச் செத்துவிடும். 10-ஆம் நாள் அது நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வெறிநோய் இல்லை என்று பொருள். இரண்டாம் நாளே கொன்றுவிட்டால் இந்தச் சாட்சி அழிந்துபோகும். பிறகு மூளையை எடுத்துப் பரிசோதித்தால்தான் தெரியும். கருணைக்கொலைக்கு முன் கையெழுத்து வாங்கும் ஒழுங்கான ஒப்புதல் படிவத்தில் “கடந்த 10 நாளில் யாரையாவது கடித்ததா?” என்ற கேள்வி இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

10 நாள் கழிந்ததும் ஏன் கடித்தது என்று பாருங்கள். மருத்துவர் முதலில் வலியைத் தேட வேண்டும்: காது, பல், இடுப்பு மூட்டு, குதச் சுரப்பி. வட சென்னையில் நாங்கள் அதிகம் சந்தேகப்படும் காரணம் மாடித் தூணும் குட்டைச் சங்கிலியும். நாள் முழுக்கக் கட்டப்பட்டு, யாரோடும் பழகாமல், வெயிலில் காயும் நாய் அவிழ்த்துவிட்டதும் பாயத்தான் செய்யும். குட்டியாக 3 முதல் 14 வாரம் வரை மனிதர்களோடும் சத்தத்தோடும் பழகாத நாய்க்குப் பயம் அதிகம். அந்தப் பயமே கடியாக வரும். கூடை வடிவ வாய்க்கூடு (அதைப் போட்டபடியே மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும்), தினமும் இரண்டு வேளை நடை, அடிக்காத பயிற்சி, தேவைப்பட்டால் பதற்றத்துக்கு மருந்து என்று குறைந்தது எட்டு வாரம் கொடுத்துப் பார்க்கலாம்.

அப்படியென்றால் கடிக்கும் நாயை எப்போதுமே கொல்லக் கூடாது என்கிறீர்களா?

இல்லை. ஒரு எல்லை இருக்கிறது, அதை ஒளிக்க மாட்டோம்.

நாய் நடத்தை நிபுணர் இயன் டன்பார் கடியை ஆறு படியாகப் பிரித்தார். ஒன்று, காற்றில் கவ்வுவது. இரண்டு, பல் பட்டும் தோல் துளைக்காதது. மூன்று, ஒரே கவ்வலில் ஒன்று முதல் நான்கு துளை, கோரைப்பல்லின் பாதி நீளத்துக்குள். நான்கு, பாதி நீளத்துக்கு மேல் ஆழம், அல்லது பிடித்து உதறியது. ஐந்து, அப்படிப்பட்ட பல கடிகள். ஆறு, உயிரிழப்பு. முதல் இரண்டு படிகளுக்காகக் கொல்லக் கேட்டால் மறுக்க வேண்டும். மூன்றாம் படியில் சூழலும் பயிற்சியும் மாறினால் பெரும்பாலும் நிலைமை மாறும். நான்குக்கு மேல், காரணம் கண்டுபிடிக்க முடியாமல், எச்சரிக்கை உறுமலும் இல்லாமல், திரும்பத் திரும்ப நடந்தால், வீட்டில் சின்னக் குழந்தையும் இருந்தால், அந்த நாயை வேறொருவர் வீட்டுக்குத் தள்ளிவிடுவதுதான் பெரிய தவறு. வாழ்நாள் முழுக்க இருட்டறையில் அடைத்துவைப்பதும் வாழ்க்கை இல்லை. அங்கே உடல் நன்றாக இருந்தாலும் ஊசி நியாயமாகலாம். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் பார்த்து எழுத வேண்டும் என்பது எங்கள் நிபந்தனை.

நோய் இருக்கிறது, தீர்க்கலாம் என்கிறார்கள், ஆனால் எங்களிடம் பணம் இல்லை.

இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். மருத்துவரிடம் முதல் நிமிடத்திலேயே கையிருப்புத் தொகையைச் சொல்லிவிட்டால், அதற்குள் முடிந்த சிகிச்சையை அவர் திட்டமிட முடியும். 1903-ல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனையில் தனியார் இடங்களைவிடக் கட்டணம் மிகக் குறைவு. ஸ்கேனும் அறுவையும் அங்கேயே நடக்கும். காலையில் சீக்கிரம் போய்ச் சீட்டு எடுங்கள், வரிசை நீளமாக இருக்கும். பழைய சீட்டுகள், மருந்துப் பெயர்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

அப்பா தவறிவிட்டார். அவருடைய நாய் யாரிடமும் சாப்பிட மாட்டேன் என்கிறது. அவரோடே அனுப்பிவிடலாம் என்று அம்மா சொல்கிறார்.

அம்மாவின் துக்கத்தில் அன்பு இருக்கிறது. ஆனால் நாயின் துக்கம் பெரும்பாலும் ஆறும். சில வாரம், சில நேரம் இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அப்பாவின் பழைய பனியனை அதன் படுக்கையில் போடுங்கள். அவர் நடந்த அதே நேரத்துக்கு, அதே தெருவில், ஒரே ஆள் தினமும் கூட்டிப்போங்கள். சாப்பாட்டை இளஞ்சூடாகக் கொடுங்கள், 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் எதுவுமே சாப்பிடவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள், துக்கத்துக்குப் பின்னால் நோய் மறைந்திருக்கலாம். பூனை என்றால் ஒரு நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது. பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே உயிரை எடுக்கும்.

உண்மையிலேயே தேவை என்று முடிவானால், ஊசி எப்படிப் போடப்படும்? என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

கேட்க வேண்டிய முதல் கேள்வி: “முதலில் முழு மயக்கம் கொடுப்பீர்களா?” இது ஏன் முக்கியம் என்றால், உலகளவில் முதல் தேர்வாக இருக்கும் பென்டோபார்பிட்டால் என்ற மருந்து இங்கே எளிதில் கிடைப்பதில்லை. அதனால் பலர் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து கொடுத்து ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டுபோய், அதன்பின் மெக்னீசியம் சல்பேட்டோ பொட்டாசியம் குளோரைடோ ஏற்றி இதயத்தை நிறுத்துகிறார்கள். முழு மயக்கத்தில் இருந்தால் இது வலியற்றது. மயக்கம் இல்லாமல் அவற்றை ஏற்றினால் சித்திரவதை: ஒன்று நினைவிருக்கும்போதே தசையையும் மூச்சையும் முடக்கும், மற்றது எரிச்சலோடு இதயத்தைப் பிடிக்கும். விரலிடுக்கை அழுத்தினால் காலை இழுக்கக் கூடாது, கண்ணோரம் தொட்டால் இமைக்கக் கூடாது. அதைப் பார்த்த பிறகுதான் அடுத்த ஊசி.

வழக்கமான வரிசை இது. தசையில் தூக்க ஊசி, 5 முதல் 15 நிமிடம் காத்திருத்தல். தூக்க ஊசியில் சைலசின் என்ற மருந்து இருந்தால் அது வாந்தியை வரவைக்கும், அதனால் வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கக் கூடாது. முன்னங்கால் ரோமத்தைச் சிரைத்து நரம்பில், அதாவது ரத்தக்குழாயில், கேனுலா என்ற மெல்லிய குழாய். நேராக ஊசியால் குத்தினால் நரம்பு தவறும். தயோபென்டோன் வெளியே கசிந்தால் கடுமையாக எரியும், நாய் துள்ளும். வயதான, நீர்ச்சத்து வறண்ட பிராணிக்கு நரம்பு கிடைப்பது கடினம், நேரம் ஆகும், அவசரப்படுத்தாதீர்கள். இறந்தபின் கண் திறந்தே இருக்கும், சிறுநீர் போகும், ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பதுபோல் உடல் அசையும். அது வேதனை இல்லை. ஸ்டெதஸ்கோப் வைத்துச் சில நிமிடம் கேட்டு உறுதி செய்த பிறகே மருத்துவர் சொல்ல வேண்டும். இன்னொரு நாய் பார்க்கும் இடத்தில் செய்யக் கூடாது.

வீட்டிலேயே தூக்க மாத்திரை கொடுத்தால்?

கொடுக்காதீர்கள். மாத்திரையில் நாய் பெரும்பாலும் சாகாது. வாந்தியெடுத்து, அது நுரையீரலில் போய், இரண்டு நாள் திணறலாம். எலிமருந்தும் பூச்சிமருந்தும் அதைவிடக் கொடுமை. அது வதைச் சட்டப்படி குற்றம். பக்கத்து வீட்டு நாய்க்கு வைத்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை.

பிள்ளைகளிடம் “நாய் ஊருக்குப் போயிருக்கு” என்று சொல்லலாமா?

வேண்டாம். வேறு வீட்டுக்குக் கொடுத்தால் அந்த வீட்டையே காட்டுங்கள். இறந்துவிட்டால் இறந்துவிட்டது என்று சொல்லுங்கள். “தூங்கவச்சுட்டோம்” என்றால் சின்னப் பிள்ளைகள் தூங்கவே பயப்படும்.

கிளி, ஆமை, மீன் வைத்திருக்கிறோம், வேண்டாம் என்று தோன்றுகிறது.

பச்சைக்கிளியும் நட்சத்திர ஆமையும் வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை. வீட்டில் வைப்பதே தவறு, வனத்துறையிடம் ஒப்படையுங்கள். சிறகு வெட்டிய கிளியை மாடியிலிருந்து பறக்கவிடாதீர்கள், காக்கை கொத்திவிடும். மீனை ரெட்டேரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். வெளிநாட்டு மீனும் செங்காது ஆமையும் அங்குள்ளவற்றை அழிக்கும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கேட்டுப் பாருங்கள், நல்ல நிலையில் உள்ளதை எடுத்துக்கொள்பவர்கள் இருப்பார்கள்.

ஊசி போட்ட உடலை என்ன செய்வது?

கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போகும்படி தொட்டியில் போடாதீர்கள். மயக்க மருந்து உடலில் நாட்கணக்கில் தங்கும். அதைத் தின்னும் பருந்தும் காக்கையும் தெருநாயும் மயங்கிச் சாகும். எரியூட்டுவதே பாதுகாப்பு. புதைப்பதென்றால் குறைந்தது நான்கடி ஆழம், மேலே கல் பரப்ப வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர் கடலோர மணலில் மூன்றடியிலேயே தண்ணீர் ஊறும். அங்கே புதைக்க வேண்டாம். கிணறு, கைப்பம்பு பக்கத்திலும் வேண்டாம். மாநகராட்சி உரிமத்தையும் மைக்ரோசிப் பதிவையும் அதே வாரத்தில் ரத்து செய்துவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த வருடம் தடுப்பூசி நினைவூட்டல் குறுஞ்செய்தி அந்தப் பெயருக்கே வரும்.